உரிம ஒப்பந்தங்களில் இயங்குதளத்தின் வரையறை: முத்துக்குளித்துறையின் ஏல மரபை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மேசைக்கணினி இயங்குதளத்துக்கான உரிம ஒப்பந்தங்கள் தாம் வழங்கும் பொருளின் எல்லையைச் சுட்டுவதில்லை. பொருளின் வணிகப் பெயரையே அதன் வரையறையாக வைத்துக்கொள்கின்றன. இதன் விளைவுகளை அமெரிக்க நீதிமன்றங்களின் 1995, 2002 ஆணைகளிலும், புதுச்சேரி, சென்னை தொடர்பான இந்திய உச்ச நீதிமன்ற வழக்குகளிலும், கட்டற்ற மென்பொருள் உரிமத்திலும் இக்கட்டுரை ஆராய்கிறது. தூத்துக்குடிக் கரையில் திறக்கப்படாத சிப்பியை விற்ற முறை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தமிழ்க் கலைச்சொற்கள் இவ்வரையறைச் சிக்கலை எங்கே தெளிவாக்குகின்றன, எங்கே மறைக்கின்றன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், உரிம ஒப்பந்தம், வரையறை, கலைச்சொல்லாக்கம், முத்துக்குளித்துறை, சுங்க மதிப்பீடு

கரையில் விற்கப்பட்ட பொருள்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களிலிருந்து எடுக்கப்பட்ட சிப்பிகள் கரையில் ‘கொட்டு’ எனப்பட்ட அடைப்புக்குள் கொண்டுவரப்பட்டுக் கூறு பிரிக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றில் இரு கூறு அரசுக்கும் ஒரு கூறு படகினர்க்கும் குளியாளிகளுக்கும் உரியவையாக இருந்தன. அரசின் கூறு ஆயிரம் சிப்பி என்னும் கணக்கில் ஏலம் விடப்பட்டது. ஏலத்தில் எடுத்தவர் சிப்பியைத் திறந்து பார்த்து வாங்கவில்லை. வாங்கிய பின்னரே அதை அழுகவிட்டுக் கழுவி, முத்து உண்டா இல்லையா என்று கண்டார்.

இம்முறையை எட்கர் தர்ஸ்டன் 1894ஆம் ஆண்டின் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டிலும், ஜேம்ஸ் ஹார்னெல் தம் மன்னார் வளைகுடா அறிக்கையிலும் விவரித்துள்ளனர். இதில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, வாங்குபவர் அறியாதது சிப்பியின் உள்ளடக்கத்தை மட்டுமே. தாம் வாங்கும் அலகு எது என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயிரம் என்றால் ஆயிரம். சிப்பி என்றால் இரு ஓடும் மூடிய ஓர் உயிர். இரண்டாவது, முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் அரசு அலுவலர் பார்களைச் சோதித்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிடச் செய்தனர். முழுதும் திறக்கப்படாத பொருளுக்கும் திறந்து பார்த்த ஒரு மாதிரி இருந்தது.

இம்மரபை நீதியான வணிகத்தின் முன்மாதிரியாகக் கொள்வதற்கில்லை. உயிரைப் பணயம் வைத்து மூழ்கிய பரதவர்க்கு மூன்றில் ஒன்று, பாரைக் காவல் காத்த அரசுக்கு மூன்றில் இரண்டு என்பதே போதிய சான்று. ஆயினும் எல்லையறியாப் பொருளை விற்பதில் குறைந்தளவு என்ன தெளிவு இருக்கவேண்டும் என்பதற்கு அது ஓர் அளவுகோலாகிறது. இன்றைய மென்பொருள் உரிம ஒப்பந்தத்தில் அந்தக் குறைந்தளவும் இல்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. சிப்பி ஏலத்தில் உள்ளடக்கம் மட்டுமே ஐயத்துக்குரியதாக இருந்தது. இயங்குதள உரிமத்தில் அலகே ஐயத்துக்குரியது.

இயக்குவதும் இயங்குவதும்

ஒப்பந்தங்களுக்குள் செல்லுமுன் தமிழில் இப்பொருளுக்கு வழங்கும் பெயர்களை நோக்கவேண்டும். இயங்குதளம், இயக்குதளம், இயக்க அமைப்பு, இயக்க முறைமை எனத் தமிழ்நாட்டில் பல பெயர்கள் உலவுகின்றன. இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. கலைச்சொல் ஒருமைப்பாடின்மை எனப் புலம்பிவிட்டு இதைக் கடப்பதே வழக்கம். ஆனால் இப்பெயர்கள் ஒரே பொருளின் மாற்றுச் சட்டைகள் அல்ல. ஒவ்வொன்றும் பொருளின் எல்லையை வெவ்வேறிடத்தில் இடுகிறது.

இயங்கு என்பது தன்வினை. இயக்கு என்பது பிறவினை. ‘இயக்குதளம்’ என்னும்போது வன்பொருளை இயங்கச் செய்யும் கருவி முன்னிற்கிறது. ‘இயங்குதளம்’ என்பது வினைத்தொகை. பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம் முதலான அறுவகைப் பெயரையும் கொண்டு முடியும் என்பது நன்னூல் மரபு. அம்மரபுப்படி ‘தளம்’ இங்கே நிலப்பெயராக நிற்கிறது: பிற நிரல்கள் இயங்குதற்கு இடமாகிய தளம். முன்னதில் மென்பொருள் வினைமுதல். பின்னதில் அது இடம். ‘அமைப்பு’, ‘முறைமை’ ஆகிய சொற்களோ வினைமுதலையும் இடத்தையும் சுட்டாமல், பல உறுப்புகள் சேர்ந்த முழுமையைச் சுட்டுகின்றன. எத்தனை உறுப்பு சேர்ந்தாலும் அமைப்பு அமைப்பே. உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போக விரும்பும் உரிமையாளர்க்கு இவையே வசதியான சொற்கள்.

அமெரிக்க அரசு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்குகளில் பிறந்த இரண்டு ஆவணங்களை இவ்வேறுபாட்டோடு சேர்த்துப் படிக்கலாம். 1994இல் உடன்பட்டு 1995 ஆகஸ்டில் நீதிமன்றம் பிறப்பித்த இசைவாணை, இயங்குதள மென்பொருள் என்பதைக் கணினியின் செயற்பாட்டைக் கட்டுப்படுத்துவதும், நினைவகத்துக்கும் விசைப்பலகை, திரை, வட்டு இயக்கி, அச்சுப்பொறி முதலிய இணைகருவிகளுக்கும் இடையிலான ஊடாட்டத்தை மேலாள்வதுமான கட்டளைத் தொகுதி என்ற பொருளில் வரையறுத்தது. இது முழுக்க இயக்குதளம். 2002 நவம்பரில் வந்த இறுதித் தீர்ப்பாணை மூன்று செயல்களைக் கூறியது: வன்பொருள் வளங்களைப் பகிர்ந்தளித்துக் கட்டுப்படுத்தல், நிரலாக்க இடைமுகங்கள் வாயிலாகப் பயன்பாட்டு மென்பொருள்களை உருவாக்குதற்குத் தளம் அமைத்தல், பயனர் இடைமுகம் வழங்கல். முதலாவது இயக்குதளம்; இரண்டாவது இயங்குதளம்; மூன்றாவதற்கு நம் சொற்கள் இரண்டும் பொருந்தா. ஏழாண்டில் வரையறை பிறவினையிலிருந்து தன்வினைக்கு நகர்ந்து, அதையும் தாண்டிவிட்டது.

இந்நகர்வு நிகழ்ந்ததற்குக் காரணம் உலாவி. 1995 ஆணை, ஒன்றை உரிமமாகப் பெறுவதற்கு மற்றொன்றையும் பெறவேண்டும் என்று கணினி தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்துவதைத் தடுத்தது. அதே பிரிவில், ஒருங்கிணைந்த பொருள்களை உருவாக்குவதை இது தடுக்காது என்ற விலக்கையும் வைத்தது. விண்டோஸ் 95உடன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சேர்த்து வழங்கப்பட்டபோது முழு வழக்கும் அந்த விலக்கின்மீது வந்து நின்றது. உலாவி தனிப்பொருளா, இயங்குதளத்தின் உறுப்பா? 1997 டிசம்பரில் கீழ்நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையை 1998 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. வாங்குபவர் தாமே இரண்டையும் தனித்தனியே வாங்கி இணைத்தால் கிடைக்காத பயன் விற்பவரின் இணைப்பில் கிடைக்குமாயின் அது ஒருங்கிணைந்த பொருளே என்பது அதன் அளவை. விற்பவர் ஒருவரே அறிந்த உள்கட்டமைப்பைக் கொண்டு இப்பயனை மெய்ப்பிக்க முடியும் என்பதால், அளவை பார்வைக்கு நடுநிலையாயினும் கைப்பிடி விற்பவரிடமே இருந்தது.

2002 தீர்ப்பாணையில் இன்னொரு வரையறையும் உண்டு. ‘இயங்குதளம்’ என்பதற்கு மேற்கண்ட மூவகைச் செயல் விளக்கத்தைத் தந்த அதே ஆவணம், ‘விண்டோஸ் இயங்குதளப் பொருள்’ என்பதற்குத் தனி வரையறை தருகிறது: விண்டோஸ் 2000 புரொபெஷனல், விண்டோஸ் எக்ஸ்பி முதலிய பெயர்களில் வணிகமுறையில் வழங்கப்படுவனவும் அவற்றின் வழிவந்தனவும். அப்பொருளில் எந்த மென்பொருட் குறிமுறை அடங்கும் என்பதை மைக்ரோசாப்ட் மட்டுமே தன் விருப்பப்படி தீர்மானிக்கும் என்பதும் அவ்வரையறையின் பகுதி. ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்த எழுந்த ஆணை, கட்டுப்படுத்தப்படும் பொருளின் எல்லையை ஆதிக்கமுடையவர் கையிலேயே கொடுத்தது. செயலால் வரையறுத்தல், பெயரால் வரையறுத்தல் என்னும் இருமுறையும் ஓராவணத்தில் அருகருகே நிற்க, ஒப்பந்த நடைமுறையில் வென்றது பெயரே. ஐரோப்பிய ஆணையம் 2004இல் எடுத்த முடிவால் வந்த, ஊடக இயக்கி நீக்கிய ‘எக்ஸ்பி என்’ பதிப்பையும் இங்கு நினைக்கலாம். எல்லையை வெளியிலிருந்து ஒருவர் வரைந்தபோது பொருளுக்குப் புதுப் பெயர் இட நேர்ந்தது.

செலுத்தப்பட்டது எதற்கு?

1995 ஆணை தடைசெய்த செயல்களுள் ஒன்று ‘செயலி வாரியான உரிமம்’. குறிப்பிட்ட செயலியைக் கொண்ட ஒவ்வொரு கணினிக்கும், அதில் அந்த இயங்குதளம் நிறுவப்பட்டதோ இல்லையோ, தயாரிப்பாளர் உரிமத்தொகை செலுத்தவேண்டும் என்பது அம்முறை. பொருள் கைமாறாமலே விலை கைமாறுகிறது.

பாக் நீரிணையின் மறுகரையில் இதற்கு ஒரு பழைய இணை உண்டு. இலங்கையின் முத்துப் பார்கள் 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு ஒரு லண்டன் குழுமத்துக்குக் குத்தகையாக விடப்பட்டன. சிப்பி விளைந்தாலும் விளையாவிட்டாலும் வாடகை உண்டு. 1907க்குப் பின் பார்கள் பொய்த்தன. குழுமம் குத்தகைக் காலம் முடியுமுன்னரே கலைந்தது. அக்குத்தகை சிப்பியை விற்கவில்லை, சிப்பி எடுக்கும் உரிமையை விற்றது. அதைக் குழுமமும் அறிந்தே வாங்கியது. இயங்குதள உரிமமும் மென்பொருள் விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமமே வழங்கப்படுகிறது என்றே கூறுகிறது. ஆனால் கடைக்குச் சென்று கணினி வாங்கும் தூத்துக்குடி மாணவர், தாம் வாங்கியது பொருள் என்றே நம்புகிறார். கடைக்காரரின் விலைச்சீட்டும் அவ்வாறே கூறுகிறது.

புதுச்சேரியும் சென்னையும்

இந்தியச் சட்டங்களில் இயங்குதளத்துக்கு வரையறை தேடுவோர் ஏமாற்றமடைவர். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிற்காலத் திருத்தத்தால், ‘கணினி நிரல்’ என்பதை ஒரு குறிப்பிட்ட பணியைக் கணினியைக்கொண்டு செய்விக்கவல்ல கட்டளைத் தொகுதி என்று வரையறுக்கிறது. இயங்குதளத்துக்கும் கணக்குப் பதிவு நிரலுக்கும் அதில் வேறுபாடில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 கணினி, கணினி அமைப்பு, கணினி வலையமைப்பு ஆகியவற்றை வரையறுத்து, இயங்குதளத்தை விட்டுவிடுகிறது. ஆகவே கேள்வி வரிவழக்குகளின் வழியே நீதிமன்றத்துக்கு வந்தது. அவ்வழக்குகளில் மிக முதன்மையான இரண்டு இப்பகுதியைச் சார்ந்தவை.

பிஎஸ்ஐ டேட்டா சிஸ்டம்ஸ் வழக்கில், கணினியும் மென்பொருளும் வெவ்வேறு பொருள்கள் என உச்ச நீதிமன்றம் முன்னரே கூறியிருந்தது. ஒலிநாடா இன்றி ஒலிப்பதிவுக் கருவி பயன்படாது. அதனால் நாடா கருவியின் பகுதியாகிவிடாது என்பது அங்குக் கூறப்பட்ட எடுத்துக்காட்டு. சில்லுக்குள் பொறிக்கப்பட்ட நிலைபொருள் இதிலிருந்து வேறுபடுத்தப்பட்டது. 2004இல் புதுச்சேரி மத்தியக் கலால் ஆணையருக்கும் ஏசர் இந்தியா நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு இதே கேள்வியை இன்னும் நுண்ணிய வடிவில் எழுப்பியது. அங்கு மென்பொருள் தனி வட்டில் இல்லை. கணினியின் வன்தட்டிலேயே ஏற்றப்பட்டிருந்தது. கணினியின் கலால் மதிப்பில் அந்த இயங்குதளத்தின் விலையையும் சேர்க்கவேண்டுமா? சேர்க்கவேண்டியதில்லை என்றது நீதிமன்றம். கட்டணப் பட்டியலில் மென்பொருளுக்குத் தனித்தலைப்பு இருந்தது. அத்தலைப்பின்கீழ் வரிவிகிதம் சுழியம். வன்தட்டில் ஏறியதால் மட்டும் அது தன் தனித்தன்மையை இழக்கவில்லை.

மூன்றாண்டு கழித்து, 2007இல், சென்னைச் சுங்க ஆணையருக்கும் ஹியூலட் பேக்கார்டு இந்தியா நிறுவனத்துக்கும் இடையே வழக்கு. இறக்குமதியான மடிக்கணினிகளின் வன்தட்டில் இயங்குதளம் முன்னேற்றம் செய்யப்பட்டிருந்தது. அதன் மதிப்பைக் கழிக்கவேண்டும் என்று இறக்குமதியாளர் கோரினார். இம்முறை உச்ச நீதிமன்றம் மறுத்தது. இயங்குதளம் இன்றி மடிக்கணினி இயங்காது. அது கணினியின் இன்றியமையா உறுப்பு. இரண்டையும் ஒரே அலகாகவே மதிப்பிடவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

இரு தீர்ப்பும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் எழுந்தவை. முன்னது கலால், பின்னது சுங்கம். எனவே அவை ஒன்றையொன்று முரண்படவில்லை எனச் சட்டவியலார் அமைதி கூறுவர். அது சட்டத்தளவில் சரியே. பொருளளவில் நோக்கினால், ஒரே குறிமுறை, ஒரே வகை வன்தட்டில், புதுச்சேரி ஆலையிலிருந்து வெளிவரும்போது கணினியின் பகுதியன்று. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கும்போது பகுதி. இயங்குதளம் இன்றிக் கணினி இயங்காது என்ற 2007இன் வாதம் 2004இலும் உண்மையே. ஒலிநாடா எடுத்துக்காட்டு எதிர்கொண்டதும் அதே வாதத்தைத்தான். அப்படியாயின் முடிவை மாற்றியது பொருளின் இயல்பன்று. பொருள் கரைசேர்ந்த விதம்.

இம்மாற்றத்துக்கு நீதிமன்றத்தைக் குறைகூறுவது எளிது; பொருந்தாது. இரு வழக்கிலும் நீதிமன்றத்தின் முன்னிருந்த உரிம ஏற்பாடுகளோ விலைப்பட்டிகளோ எந்தக் குறிமுறை எங்கே முடிகிறது என்று சொல்லியிருந்தால், நீதிமன்றம் நாடாவையும் இன்றியமையாமையையும் நாடியிருக்க வேண்டாம். பின்வந்த தீர்ப்புகள் இதை உணர்த்துகின்றன. மென்பொருள் விற்பனையாளர் சங்கம் ஒன்று தொடுத்த சேவைவரி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2010இல், மென்பொருள் வழங்கல் பண்ட விற்பனையா சேவையா என்பது அந்தந்த ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது என்றது. 2021 மார்ச்சில் எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பயனர் உரிம ஒப்பந்தங்களைப் பிரிவு பிரிவாகப் படித்தே முடிவுக்கு வந்தது. ஆக, இந்தியாவில் இப்பொருளின் சட்டநிலை ஒப்பந்த வாசகத்தில் தொங்குகிறது. அந்த வாசகம் என்ன சொல்கிறது?

வட்டமிடும் வாசகம்

விண்டோஸ் 10 உரிம விதிகளில் ‘கருவி’ என்பது இம்மென்பொருளை இயக்கவல்ல, உட்சேமிப்பகம் கொண்ட வன்பொருள் அமைப்பு, மெய்யானதாயினும் மெய்நிகராயினும், என வரையறுக்கப்படுகிறது. கருவிக்கு வரையறை மென்பொருள். மென்பொருளுக்கு வரையறை? கருவியில் வந்த விண்டோஸ் மென்பொருளும், வேறு விதிகள் உடன் வராதவிடத்து, அதன் புதுப்பிப்புகளும் மேம்பாடுகளும் துணைச்சேர்க்கைகளும் சேவைகளும். ஒன்றைப் பிடிக்கப் போனால் மற்றொன்று கையில் வருகிறது. முன்னரே நிறுவப்பட்ட மென்பொருளைக் கருவியோடு மட்டுமே பிறர்க்கு மாற்றலாம் என்றும் விதிகள் கூறுவதால், இவ்வட்டம் வெறும் ஏட்டுச்சிக்கல் அன்று. உப்புக்காற்று மிகுந்த கடற்கரை ஊரில் கணினியின் தாய்ப்பலகை அரிப்பது புதுமையன்று. பலகையை மாற்றியபின் அது பழைய கருவியா, புதிய கருவியா என்ற கேள்விக்கு, மென்பொருளை இயக்கவல்லதே கருவி என்ற வரையறை விடை தராது. பழைய பலகையும் இயக்கவல்லதாகவே இருந்தது, புதியதும் அவ்வாறே.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இயங்குதள உரிமம் வேறு வகையில் விரிகிறது. அதன் ‘ஆப்பிள் மென்பொருள்’ என்ற சொல்லில் தொடக்க நினைவகக் குறிமுறை, ஆவணங்கள், இடைமுகங்கள், உள்ளடக்கம், எழுத்துருக்கள், உடன்வரும் தரவு யாவும் அடங்கும். இந்திய உச்ச நீதிமன்றம் கணினியின்பால் ஒதுக்கிய நிலைபொருளை இவ்வுரிமம் மென்பொருளின்பால் எடுத்துக்கொள்கிறது. எழுத்துருவும் இயங்குதளத்தின் உறுப்பானால், தமிழ் எழுத்துருவைக் கொண்டு அச்சிடும் பதிப்பாளர் இயங்குதளத்தை எவ்வெல்லைவரை பயன்படுத்துகிறார் என்பது தமிழ்த்துறையினரும் கேட்கவேண்டிய கேள்வி.

பெயரை நம்பினால் எவ்வளவு தவறலாம் என்பதற்குத் துறைமுகமே சான்று. சரக்குப் பெட்டக முனையங்களில் பெட்டக அடுக்குகளையும் பாரந்தூக்கிகளின் வேலை வரிசையையும் திட்டமிடும் மென்பொருள் உலகெங்கும் ‘டெர்மினல் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்றே வழங்குகிறது. அது 1995 வரையறையின்படியும் 2002 வரையறையின்படியும் இயங்குதளம் அன்று; ஓர் இயங்குதளத்தின்மேல் ஓடும் பயன்பாட்டு மென்பொருள். ‘முனைய இயங்குதளம்’ எனத் தமிழாக்கினால், இயங்குதளத்தை மட்டும் விலக்கும் அல்லது இயங்குதளத்தை மட்டும் சேர்க்கும் ஒப்பந்தப் பிரிவு எதுவும் நிலைதடுமாறும்.

கட்டற்ற உரிமத்தின் ‘முதலியன’

தனியுடைமை உரிமங்களை இவ்வாறு குறைகூறுவோர் பொதுவாகக் கட்டற்ற மென்பொருளை மாற்றாக முன்வைப்பர். விடுதலை என்ற அளவில் அது மாற்றே. வரையறை என்ற அளவில் அவ்வளவு உறுதியாகக் கூறவியலாது. க்னூ பொது மக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, நிரலின் மூலக்குறிமுறையைத் தரும் கடமையிலிருந்து இயங்குதளத்தின் பெருங்கூறுகளோடு வழக்கமாக வழங்கப்படுவனவற்றை விலக்குகிறது. பெருங்கூறுகள் எவை? தொகுப்பான், கருவகம் ‘முதலியன’. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைச் சீராக்கி, ‘பெருங்கூறு’ என்பதற்குத் தனி வரையறையே தந்தது. அங்கும் கருவகம், சாளர அமைப்பு என எண்ணி ‘முதலியன’ என்றே முடிகிறது. எண்ணிக்கொண்டு வந்து எண்ணாமல் விடும் அச்சொல் இல்லாமல் எவராலும் இயங்குதளத்தை வரையறுக்க இயலவில்லை.

ஒரு வேறுபாட்டைச் சொல்லியாகவேண்டும். லினக்ஸ் கருவகத்தின் உரிமக் குறிப்பு, வழக்கமான முறைமை அழைப்புகள் மூலம் கருவகத்தைப் பயன்படுத்தும் பயனர் நிரல்கள் அதன் வழிப்படைப்புகள் ஆகா என்று வெளிப்படையாகக் கோடு கிழிக்கிறது. இயக்குதளம் இங்கே முடிகிறது, இயங்குவன அங்கே தொடங்குகின்றன என்று உரிமையாளரே தமக்கு எதிராக எல்லையிடும் அரிய இடம் இது. எல்லை வரைய முடியாது என்பதன்று, வரைய விருப்பமில்லை என்பதே பிற ஒப்பந்தங்களின் நிலை என்பதற்கு இக்குறிப்பு போதும்.

தமிழ்நாட்டு மாணவர்க்கு 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சும் விண்டோசும் ஒரே வன்தட்டில் இருந்தன. ஒரே கருவியில் இருவகை வரையறையும் அடுத்தடுத்த பிரிவில் குடியிருந்தன. இரண்டில் எதன் உரிம வாசகமும் அம்மாணவர் கற்ற மொழியில் அவர் கையில் தரப்பட்டு, இது உன்னுடையது, இது உன்னுடையதன்று என விளக்கப்பட்டதா என்பதை ஆராய்ந்த தமிழ் ஆய்வுகள் அரிது. மடிக்கணினித் திட்டம் பற்றிய விவாதங்கள் விலையையும் பயன்பாட்டையும் சுற்றியே அமைந்தன.

தமிழில் ஒரு வரைவு

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 29ஆம் பிரிவு, பொருள் உறுதியற்றதும் உறுதிப்படுத்த இயலாததுமான உடன்பாடு செல்லாது என்கிறது. அதன் விளக்க எடுத்துக்காட்டு எண்ணெய். நூறு டன் எண்ணெய் விற்பதாக ஒருவர் உடன்படுகிறார், எவ்வகை எண்ணெய் என்பதைக் காட்ட ஏதுமில்லை, உடன்பாடு செல்லாது. விற்பவர் தேங்காயெண்ணெய் வணிகர் மட்டுமே எனில், அவர் தொழிலே பொருளைக் காட்டிவிடும், உடன்பாடு செல்லும். இயங்குதள ஒப்பந்தங்கள் நிலைப்பது இந்த இரண்டாம் வழியால்தான். விற்பவர் இன்னார் என்பதால் பொருள் இன்னது என்று கொள்கிறோம். தேங்காயெண்ணெய் வணிகர் நாளை அதே பீப்பாயில் நல்லெண்ணெயையும் கலந்து, இதுவும் தேங்காயெண்ணெயின் உறுப்பே என்றால் அச்சட்டம் என்ன சொல்லும் என்பதை 1872இல் எவரும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

துறைமுகங்கள், கல்லூரிகள், உள்ளாட்சிகள் கணினி வாங்க விடும் ஒப்பந்தப்புள்ளிகளில் ‘உரிமம் பெற்ற இயங்குதளத்துடன்’ என்ற ஒற்றைத் தொடரே பெரும்பாலும் போதுமெனக் கருதப்படுகிறது. அவ்விடத்தில் பின்வருமாறு ஒரு வாசகத்தைத் தமிழில் அமைக்கலாம்:

‘இவ்வொப்பந்தத்தில் இயங்குதளம் என்பது, (அ) வன்பொருள் வளங்களை இயக்கிப் பகிர்ந்தளிப்பதும், (ஆ) பிற நிரல்கள் இயங்குதற்கு இடமளிப்பதும் ஆகிய இரு செயலுக்கும் இன்றியமையாதனவாக, இணைப்புப் பட்டியலில் பெயர், பதிப்பெண், நாள் ஆகியவற்றுடன் குறிக்கப்பட்ட மென்பொருட்கூறுகளின் தொகுதி. பட்டியலில் இல்லாத எதுவும், உடன் நிறுவப்பட்டிருப்பினும், இயங்குதளம் ஆகாது. அதை நீக்குவதும் வைத்திருப்பதும் வாங்குபவர் விருப்பம்.’

இவ்வரைவில் (அ) இயக்குதளத்தையும் (ஆ) இயங்குதளத்தையும் தாங்குகின்றன. பயனர் இடைமுகம் வேண்டுமென்றே விடப்பட்டது, ஏனெனில் 1995க்கும் 2002க்கும் இடையே எல்லை கரைந்தது அவ்வழியே. பட்டியல், சிப்பி ஏலத்தின் ஆயிரம் என்னும் எண்ணிக்கைக்கு நிகர். பட்டியலிட்ட கூறுகளுள் சிலவற்றை வாங்குமுன் ஒரு கணினியில் நிறுவிச் சரிபார்ப்பது, பாரிலெடுத்த மாதிரிச் சிப்பிக்கு நிகர்.

புதுப்பிப்பு என்னும் இடத்தில் இவ்வரைவு தளர்கிறது. விண்டோஸ் 10 விதிகளை ஏற்பவர், மேலும் அறிவிப்பின்றித் தானியங்கிப் புதுப்பிப்புகளைப் பெற உடன்படுகிறார். பட்டியல் கையொப்பமிட்ட நாளில் சரியாயிருக்கும். மறுமாதம் கூறுகளின் பதிப்பெண் மாறும். அடுத்த ஆண்டு கூறுகளே மாறலாம். பாதுகாப்புத் திருத்தங்களைத் தடுப்பது அறிவுடைமையன்று. பட்டியலிலுள்ள கூற்றைத் திருத்தும் புதுப்பிப்பை ஏற்றும், புதுக்கூற்றைச் சேர்க்கும் புதுப்பிப்பைத் தனி உடன்பாடாகக் கொண்டும் ஒரு துணைப்பிரிவு எழுதலாம். ஆனால் திருத்தமா சேர்க்கையா என்று வகைப்படுத்தும் அறிவு விற்பவரிடமே இருக்கும்வரை, 1998இல் ‘ஒருங்கிணைந்த பொருள்’ என்ற சொல்லுக்கு நேர்ந்தது இத்துணைப்பிரிவுக்கும் நேரும். முத்துப் பார்களை ஒருமுறை சோதித்த அலுவலர் அடுத்த பருவத்துக்கு அச்சோதனையைச் செல்லத்தக்கதாகக் கொள்ளவில்லை. மீண்டும் கடலுக்குச் சென்றார். ஆண்டுதோறும் பட்டியலை மீளாய்வு செய்யும் கடமையை எத்தரப்பின்மேல் சுமத்துவது, அதன் செலவை எவர் ஏற்பது என்பதை எழுதாமல் மேற்கண்ட வரைவை எந்த நிறுவனமும் பயன்படுத்தல் இயலாது.